ஐம்பது வயது லாரிக்கும் வின்டேஜ் எண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்கள் ஊர்வலம் போனால் பத்திரிகைகளில் படம் வருகிறது. மகிழ்ச்சி. ஆனால் அதே வயதுள்ள லாரிகள் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை. இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த வின்டேஜ் பிரிவின்படி, 50 வயது தாண்டிய இரு சக்கர வண்டிக்கும் சொந்த உபயோகக் காருக்கும் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் பத்தாண்டு செல்லும். சரக்கு வண்டி இந்தப் பிரிவுக்குள் வராது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு லேலண்ட் காமெட் லாரியை ஆசையாக வைத்திருப்பவருக்கு இரண்டே வழிதான்: ஓட்டாத வண்டிக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துக்கொண்டே இருப்பது, அல்லது ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) ரத்து செய்து உடைக்கக் கொடுப்பது. எண்ணூரில் 1951-இல் காமெட் பூட்டத் தொடங்கினார்கள். டெய்ம்லர்-பென்ஸ் ஒப்பந்தத்தில் 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் டாடா லாரி செய்தது. இந்த இரண்டு வரிசையும் சுமந்த நெல்லும் சிமெண்டும் கொஞ்சமா?

லாரியைச் சேர்ப்பதென்றால் விதியில் ஓரிடத்தைத் தனியாக எழுத வேண்டும். சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, என்ஜின் மூன்றும் மாறாமல் பழையபடியே இருக்க வேண்டும் என்கிறது இப்போதைய விதி. காருக்கு அது சரி. அந்தக் காலத்தில் நம் ஊர் லாரி கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாகத்தான் வந்தது. கேபினையும் சரக்குத் தொட்டியையும் நாமக்கல், சங்ககிரி பட்டறைகளில் மரத்திலும் தகட்டிலும் கட்டினார்கள். மழையில் குறுக்குக்கட்டைகள் உளுத்துப்போகும், சில வருஷத்துக்கு ஒருமுறை பாடி மாறும். ஆகவே லாரியின் அசல்தன்மையைச் சேஸிஸ் எண், என்ஜின் பிளாக், பானெட், ஆக்சில், கியர் பாக்ஸ் ஆகியவற்றை வைத்து அளக்க வேண்டும். அந்தக் காலத்து முறையில் கட்டிய புது மரப் பாடியைக் குறையாக எண்ணக்கூடாது.

விதி மாறும்வரை வண்டி பிழைத்திருக்க வேண்டும். பத்து வருஷம் ஷெட்டில் நின்ற லாரிக்குப் புது பேட்டரி மாட்டி உடனே செல்ஃப் அடிக்கிறார்கள். பல நல்ல என்ஜின்கள் சாவது இதனால்தான். சிலிண்டரின் உள்சுவரான ஸ்லீவோடு பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். செல்ஃப் இழுக்கிற இழுப்பில் ரிங் உடைந்து ஸ்லீவைக் கீறிவிடும். முதலில் டீசல் பீய்ச்சும் ஆறு நாசிலையும் கழற்றி, துளைக்கு 30 மில்லி என்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நாசில் மாட்டாமலேயே சுற்றி, உள்ளே நிற்கும் ஆயிலை வெளியே தள்ளிவிட வேண்டும். அப்படியே மாட்டி செல்ஃப் அடித்தால் அமுங்காத ஆயிலில் பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளையும்.

பழைய டாடா-மெர்சிடிஸில் இன்னொரு ஆபத்து உண்டு. அதன் டீசல் பம்பில் இருப்பது வேக்குவத்தில் (காற்று உறிஞ்சலில்) வேலை செய்து என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். என்ஜின் நிற்கும்போது அதன் ஸ்பிரிங், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் தண்டை முழு டீசல் பக்கம் தள்ளியே வைத்திருக்கும். என்ஜின் இழுக்கும் வேக்குவம் டயாபிரம் என்ற தோல் சவ்வின் வழியாக அதைப் பின்னுக்கு இழுக்கும். தோல் காய்ந்து கிழிந்திருந்தால் இழுக்க ஆளில்லை, ஸ்டார்ட் ஆன நொடியில் என்ஜின் அலறிக்கொண்டு ஏறும். பம்பின் பக்க மூடியைத் திறந்து ராக்கை விரலால் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். பிறகு ஸ்டாப் பக்கம் முழுக்கத் தள்ளிப் பிடித்து, வேக்குவம் குழாய் மாட்டும் வாயை விரலால் அடைத்துக்கொண்டு ராக்கை விடுங்கள். சற்று நகர்ந்து நின்றுவிட்டால் டயாபிரம் நலம். ஒரே ஓட்டமாகப் பழைய இடத்துக்குப் போனால் மாற்றியே ஆக வேண்டும், ஒட்டுப் போட்டு ஏமாறாதீர்கள். அப்படிச் சோதித்த பிறகும், முதல் ஸ்டார்ட்டின்போது காற்று இழுக்கும் வாயை மூட ஒருவர் தட்டையான பலகையோடு பக்கத்தில் நிற்கட்டும். வெறும் கையால் மூடக்கூடாது.

டேங்கில் உள்ள பழைய டீசலை முழுக்க வடித்துவிட வேண்டும். அடியில் தண்ணீரும் பாசியும் இருக்கும். டீசல் லைனில் சிக்கிய ஏரை எடுக்கும்போது ஃபில்டர், பம்ப், கடைசியில் நாசில் குழாய் நட்டு என்ற வரிசையில் போங்கள். டாடா-மெர்சிடிஸில், ஸ்டார்ட் ஆகும் முன் என்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகள் ஒரே மின்வரிசையில் இணைந்தவை என்பதால் ஒன்று போனால் ஆறும் வேலை செய்யாது.

ரிங் வீலில் (டயரை லாக் ரிங் என்ற இரும்பு வளையம் பிடித்திருக்கும் சக்கரத்தில்) கை வைப்பவர்கள் கவனியுங்கள். இரட்டைச் சக்கரத்தில் நட்டைத் தளர்த்தும் முன் இரண்டு டயரிலும் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுதாக விடுங்கள். துருப்பிடித்த லாக் ரிங் தெறித்தால் ஆள் பிழைப்பது அரிது. காற்றடிப்பதும் இரும்புக் கூண்டுக்குள்தான் நடக்க வேண்டும். சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் வெல்டிங் வைக்காதீர்கள், சூடுபட்ட இடத்தை ஒட்டியே விரிசல் விடும்.

வின்டேஜ் எண் கொடுத்தால் அதை வைத்து லோடு ஏற்றுவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சலாம். வின்டேஜ் வண்டியை வாடகைக்கோ தினசரி ஓட்டத்துக்கோ பயன்படுத்தக்கூடாது என்று இப்போதே விதியில் இருக்கிறது. லாரிக்கு ‘சுமையின்றி மட்டும்’ என்ற ஒரு வரியைக் கூட்டினால் போதும். பிரிட்டனில் 1960-க்கு முந்தைய லாரிகளுக்கு, சுமை ஏற்றாமல் ஓட்டினால் ஆண்டுச் சோதனையிலிருந்தே விலக்கு உண்டு. லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய லாரிகளும் பேருந்துகளும் போகும் ஓட்டத்தை அங்கே 1962-இலேயே தொடங்கிவிட்டார்கள்.

லாரித் தொழிலால் வளர்ந்த மாவட்டங்கள் உள்ள தமிழ்நாட்டின் அரசே இந்தத் திருத்தத்தைக் கேட்டு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய லாரி பராமரிப்பவர்கள் சிலர்,
நாமக்கல்.