கொட்டகை இருந்த திடல்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் மகன் போனிலேயே சொல்லிவிட்டான். ஆனாலும் உன் கோணல் எழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. எனக்கு அதே முழங்கால் வலிதான். குறுவை அறுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதலில் இழுபறி என்பதால், நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காவல் காக்கிறோம். எங்கே தெரியுமா? நம் டூரிங் டாக்கீஸ் இருந்த அதே திடலில்!

சினிமாதானே ஆட்சியைப் பிடித்தது என்று உன் பேரன் கேட்கிறான், என்ன சொல்வது என்று எழுதியிருந்தாய். நேற்று ராத்திரி கட்டிலில் சாய்ந்தபடி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கென்னவோ 1952-ஐத் தாண்டி மனசு போகவில்லை.

எத்தனை நடந்தது அந்த ஒரு வருஷத்தில்! ஜனவரியில் முதல் பொதுத்தேர்தல். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் வேலை. முத்திரை குத்தும் வேலையெல்லாம் அப்போது கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதில் சின்னம் ஒட்டியிருக்கும், சீட்டை உள்ளே போட்டால் முடிந்தது. காங்கிரசின் காளை மாட்டுப் பெட்டியா, கம்யூனிஸ்டுகளின் கதிர் அரிவாள் பெட்டியா என்பதுதான் நம் பக்கத்துப் பேச்சு. தி.மு.க. 1957-ல்தான் தேர்தலில் நின்றது. ஆகஸ்டில் ராஜாஜி சர்க்கார் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. உன் தாத்தா ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தீபாவளிக்குப் ‘பராசக்தி’. நவம்பர் 30-ஆம் தேதி புயல். அதில் நம் கொட்டகை கிழிந்து வாய்க்காலில் கிடந்ததால், படம் நம் ஊருக்கு வர அடுத்த வருஷம் ஆகிவிட்டது.

ஆனால் படத்துக்கு முன்பே வசனப் புத்தகம் வந்துவிட்டது. திருக்குவளைக்காரர் கருணாநிதி எழுதிய வசனம் என்று நமக்குத் தனிப் பெருமை வேறு. நீ வைக்கோல் போர் மேல் ஏறி கோர்ட் காட்சியை மூச்சுவிடாமல் முழங்க, களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். உன் தாத்தா செருப்புச் சத்தம் கேட்டதும் தோளில் இருந்த துண்டெல்லாம் இடுப்புக்கு இறங்கியது. அவர் போன பிறகு உங்கள் பண்ணையாள் ஒருவர், நரைத்த மீசைக்காரர், “சின்ன ஐயா, அந்தக் கோர்ட்டுல பேசுறத இன்னொருக்கா சொல்லுங்க” என்றார். நீ சொன்னாய். அவர் உதடும் கூடவே அசைந்தது.

கொட்டகையில் படம் போட்ட அன்று அவர் நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்துக்கு முன் ராஜரத்தினம் பிள்ளையின் நாயனத் தோடி ரிக்கார்டு போட்டார்கள். (சன்னதித் தெருவுக்குள் வந்து நாயனம் கேட்க முடியாதவர்களுக்கும் அந்தத் தோடியைக் கொண்டுபோனது கொட்டகையின் குழாய் ஸ்பீக்கர்தான். இதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.) தரை டிக்கெட் இரண்டணா. மனிதர் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொண்டார். மறைக்கிறது என்று பின்னாலிருந்து ஒரு மிராசு வீட்டுக் குரல், பேர் சொல்லி அதட்டியது. அவர் திரும்பினார். “நானும் ரெண்டணா குடுத்துத்தான் வந்திருக்கேன்.” அவ்வளவுதான். துண்டு தோளில் இருந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது, நாம் இரண்டு பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வார்த்தை சினிமா கொடுத்ததா? நாற்பதுகளிலேயே கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் சேரி சேரியாக நடந்து செங்கொடி கட்டியிருந்தார். சட்டமும் பெட்டியும் வேறு வந்திருந்தன. தைரியம் அங்கே வந்ததுதான். எடுத்துப் பேச ஒரு தோரணை வேண்டியிருந்தது, அதைக் கொடுத்தது திரை. உன் பேரனிடம் இப்படியே சொல். ஒப்புக்கொள்ள மாட்டான், பரவாயில்லை.

அப்புறம் ஒரு விஷயம். அந்த வசனப் புத்தகம் தொலைந்துபோனதாக உன்னிடம் சத்தியம் செய்தேனே, அது பொய். என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. அட்டை இல்லை, கடைசி இரண்டு பக்கம் கரையான் தின்றுவிட்டது. தீபாவளிக்கு வா, புதுக் கண்ணால் வாசித்துக் காட்டு. போரில் ஏற வேண்டாம், திண்ணை போதும்.

உன் பழைய கூட்டாளி