வகுப்பறைக் குழாயில் இருந்து தொடங்கு

அன்பு மகளுக்கு,

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த மாதம் தண்ணீர் மாசு பற்றிப் படிப்பிக்க வேண்டும், கூடவே கனடிய வரலாறும் வர வேண்டும், இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விசயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ இருப்பது வின்னிபெக். பொருத்துகிற வேலையே உனக்கு இல்லை. வகுப்பில் இருக்கிற குழாயைத் திறந்து, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேள். ரெட் ஆறு என்று யாராவது சொல்வார்கள். இல்லை, ஷோல் ஏரியில் இருந்து.

1900களின் தொடக்கத்தில் அந்த நகரத்தில் நெருப்புக்காய்ச்சல் மோசமாகப் பரவியது. நல்ல தண்ணீர் தேடிக் கிழக்கே ஒன்ராறியோ எல்லை வரைக்கும் போனார்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு மண்ணுக்குள் கொங்கிறீட் வாய்க்கால் கட்டி, 1919இல் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். ஏரி மேட்டில், நகரம் பள்ளத்தில். பம்ப் இல்லாமலே ஓடி வருகிறது. பிள்ளைகள் அதை வியக்கட்டும், வியக்க வேண்டிய வேலைதான்.

பிறகு ஏரியின் வரைபடத்தை மேசையில் விரி. ஃபால்கன் ஆறு சதுப்பு நிலத்துத் தாவரச் சாயத்தோடு பழுப்பாக ஏரிக்கு வருகிறது. அது நகரத்தின் குழாய் வாய்க்குள் போகக் கூடாது என்று அணை கட்டி, கால்வாய் வெட்டி, ஏரியின் இன்னொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஷோல் லேக் 40 என்ற ஊர், அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களுடைய நிலத்தையும் நகரம் எடுத்துக்கொண்டது. கால்வாய் வெட்டியதால் ஊரே தீவாகிப் போனது. கோடையில் படகு, குளிரில் பனிக்கட்டி மேல் பயணம். பாதை கிடைத்தது 2019இல்தான். 1997 முதல் 2021 வரைக்கும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க முடியாது, போத்தல் தண்ணீரை நம்பி இருந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த நாட்களில் முற்றத்தில் கிணற்றை வைத்துக்கொண்டு தண்ணீர் பவுசருக்காகக் காத்திருந்த எங்கள் சனங்களை நினைத்தேன். ஏரிக்கரையில் இருந்துகொண்டு போத்தல் தண்ணீர்! 24 வருடம், மகள்.

நகரத்துக்குக் கிடைத்த தீர்வு, அந்த ஊருக்குப் பிரச்சினையாக வந்தது. நீ படிப்பிக்க வேண்டிய வரலாறு இதுதான் என்பது என் எண்ணம். இனி எந்தத் தீர்வைப் பிள்ளைகள் சொன்னாலும், அழுக்கு எங்கே போகிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கப் பழக்கு.

போத்தலை வெட்டி மணல், கரி போட்டு வடிகட்டுகிற பரிசோதனையைச் செய்யப் போவதாகச் சொன்னாய். செய், ஆனால் தெளிந்து வருகிற தண்ணீரோடு நிறுத்தாதே. கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் கிருமி இருக்கலாம், கரைந்த உப்புகள் அப்படியே இருக்கும்.

அதற்கு அடுத்ததாக 226ஆம் இலக்க ஏரியை வானத்தில் இருந்து எடுத்த படத்தைக் காட்டு. கெனோரா பக்கத்து ஆராய்ச்சி ஏரிகளில் ஒன்று. 1973இல் அதன் ஒடுங்கிய இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள், ஒரு பக்கத்துக்கு மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பாசி பிடித்துப் பச்சையாகிப் போனது. சலவைத் தூளில் பாஸ்பேட்டை, அதாவது பாஸ்பரஸ் உள்ள உப்பை, குறைக்கத்தான் வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு அதைவிட வலுவான சாட்சி கிடைக்கவில்லை. வின்னிபெக் ஏரி இன்றைக்கும் பாசியால் தவிப்பது ஏன் என்று அந்தப் படத்தைப் பார்த்தே பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். ரெட் ஆறு எங்கே போய் விழுகிறது, அதில் நகரத்தின் கழிவுநீரும் வயல்களின் உரமும் எவ்வளவு கலக்கிறது என்று தேட விடு. பதிலை நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே, உனக்கு அந்த அவசரம் சின்ன வயதிலேயே உண்டு.

ஷோல் லேக் 40இல் இருந்து யாரையாவது வகுப்புக்கு அழைக்க முடியுமா என்று அதிபரிடம் கேட்டுப் பார். முடிந்தால் எந்த நாள் என்று எனக்கும் சொல், அந்த வாரம் அங்கே வருகிறேன்.

அன்புடன்,
அப்பா