எங்கள் படிப்பகக் கணினிகளுக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

பேரன்பிற்குரியீர், வணக்கம்.

மேலூர் வட்டத்தில், மாங்குளம் மலையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் பொறுப்பாளன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கடந்த ஆடியில் தொடங்கிப் புரட்டாசி முடியும்வரை, எங்களிடம் இருந்த மூன்று பழைய கணினிகளை மீண்டும் வேலைக்குக் கொண்டுவர நால்வர் துணை நின்றீர்கள். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று நால்வருமே கேட்டுக்கொண்டதால், நீங்கள் செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி மேலூரில் செல்போன் பழுது பார்க்கும் தம்பிக்கு. ஒரு கணினியில் ஒவ்வொரு நாள் காலையிலும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இணையதளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று திறக்க மறுக்கும். இணைய இணைப்பில்தான் கோளாறு என்று நான் இரண்டு வாரம் அலைந்தேன். தம்பி திரையின் மூலையில் இருந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார். மாற்றியதும் சரியாயிற்று. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டாவது, மதுரைக் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வக உதவியாளராக இருக்கும் ஐயாவுக்கு. எங்கள் கணினிகளில் இரண்டு 32-பிட் செயலி கொண்டவை, நினைவகம் 2 ஜிபி மட்டுமே. அவற்றுக்கு டெபியன் 12 என்ற இலவச இயங்குதளத்தை எளிய முகப்புடன் நிறுவும்படி சொன்னவர் அவர். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32-பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை என்பதை முன்கூட்டியே எச்சரித்து, வீண் முயற்சியிலிருந்து எங்களைக் காப்பாற்றினார்.

அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் அதனினும் பெரிது. படிப்பகத்தின் சேமிப்பெல்லாம் மூன்றாவது கணினியின் இரண்டாவது வன்தட்டில் இருந்தது. அந்தக் கணினி சில நாள்களில் ஒழுங்காகத் தொடங்கும். சில நாள்களில் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, கறுப்புத் திரையில் அவசர நிலை என்ற அறிவிப்போடு நின்றுவிடும். நான் தொலைபேசியில் “சிஸ்டம் போய்விட்டது ஐயா” என்று சொன்னபோது, “அப்படிச் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது, திரையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து படியுங்கள்” என்றார். அன்று எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. ஆனால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி அந்த ஆங்கில வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட, காரணம் அந்த வரிகளுக்குள்ளேயே இருந்தது தெரிந்தது. வன்தட்டுகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று அழைக்கும் பெயர்கள் நிலையானவை அல்ல. தொடங்கும் நேரத்தில் யாராவது பென் டிரைவைச் செருகியிருந்தால் வரிசை மாறிவிடக்கூடும். எஃப்எஸ்டேப் என்ற அமைப்புக் கோப்பிலோ நான் எஸ்டிபி என்றே எழுதி வைத்திருந்தேன். அந்தப் பெயரில் தேடிய வட்டு கிடைக்காமல் கணினி திகைத்து நின்றிருக்கிறது.

பெயருக்குப் பதிலாக, ஒவ்வொரு வட்டுப் பகுதிக்கும் உரிய யுயுஐடி என்ற நீண்ட அடையாள எண்ணை எழுத வேண்டும் என்றும், அந்த வட்டு கிடைக்காவிட்டாலும் கணினி தொடங்குவதற்கு நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்றும் விளக்கினார். தொலைவிலிருந்தே எங்கள் கணினிக்குள் நுழைந்து தாமே ஐந்து நிமிடத்தில் மாற்றியிருக்க அவரால் முடியும். அப்படிச் செய்யாமல், மாற்றுவதற்கு முன் அந்தக் கோப்புக்கு நகல் எடுக்க வைத்து, எண்ணை இரண்டு முறை ஒப்பிடச் சொல்லி, இரவு பத்து மணிவரை தொலைபேசியில் காத்திருந்தார். இப்போது படிப்பகத்தில் நான்கு பிள்ளைகளுக்கு அந்தக் கோப்பைத் திறந்து படிக்கத் தெரியும். அந்தப் பொறுமையைத்தான் உங்கள் நால்வரிடமும் நான் பெற்ற பெரிய உதவியாகக் கருதுகிறேன்.

மூன்றாவது நன்றியையும் நான்காவது நன்றியையும் என்னால் பிரிக்க இயலவில்லை. எங்கள் ஊர் மூதாட்டிகள் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டுகளை இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. புதிய அமைப்பில் கோப்புகளைத் திறந்தபோது தமிழே இல்லை. தமிழ் என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது. மாங்குளம் குகையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப் பிராமி எழுத்து நிலைத்திருக்க, எங்கள் கையால் எழுதியது எங்களுக்கே படிக்க முடியாமல் போனதை நினைத்து அன்று இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

மதுரை சிம்மக்கல்லில் பல ஆண்டுகள் டிடிபி எனும் கணினி அச்சுக்கோப்பு வேலை பார்த்த அம்மையார் ஒரு வரியைக் கண்டதுமே அது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துரு என்று கண்டுகொண்டார். அரைப்புள்ளி அங்கே மெய்யெழுத்தின் புள்ளி என்றார். பாமினியில் ஒற்றைக்கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பின்னால் அடிப்பார்கள். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுகிறது. எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, கொ, கோ, கௌ வரிசைகளை இடம் மாற்றி அடுக்கவும் வேண்டும். அவர் முழு எழுத்து அட்டவணையையும் நினைவிலிருந்தே எழுதிக் கொடுக்க, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் வட்டத்துப் பெண் பொறியாளர் அதைக் கொண்டு பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினார். இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்கள் சிதையாமல் இருக்க, எழுத்துருவின் பெயரைப் பார்த்து மாற்றும்படி அதைத் திருத்தியும் தந்தார். முதலில் மாற்றிய கோப்பில் ஒரு தாலாட்டு வந்தது. பாடியவரின் பேத்தி அதைப் படித்துவிட்டுத் தன் தாயை அழைத்து வரச் சென்றுவிட்டாள்.

தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக அமைத்துத் தந்ததும் அதே பொறியாளர்தான். உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைவதால் பிள்ளைகள் விரைவாகப் பழகிக்கொண்டார்கள். மீதமுள்ள பாட்டுகளைப் பிழைபார்க்கும் வேலையை இப்போது அவர்களே சனிக்கிழமை தோறும் செய்கிறார்கள். திருத்தி முடிந்ததும் முதல் அச்சுப்படிகள் நான்கையும் உங்கள் நால்வரின் வீட்டுக்கும் நேரில் கொண்டுவந்து தருவேன்.

மிகுந்த நன்றியுடன்,
படிப்பகப் பொறுப்பாளர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.