பழுதுபார்க்கும் காரைக் கைவிட்ட காராக எண்ண வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டு முன்புறங்களில் ஓடாமல் நிற்கும் பழைய கார்கள் அனைத்தையும் ஊராட்சி மன்றம் இழுத்துச் சென்று இரும்புக் கடைக்குத் தள்ளிவிட வேண்டும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுவதையும் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளின் சாலைகளில் இடம் அடைபடுவதையும் அவர் காரணமாகக் காட்டியிருந்தார். இரண்டு கவலைகளும் நியாயமானவை. ஆனால், கைவிடப்பட்ட காரையும் பழுதுபார்க்கப்பட்டுவரும் காரையும் அவர் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டார். அந்தக் கணக்கை ஊராட்சி மன்றமும் ஏற்றுக்கொண்டால், இனி எளிதில் கிடைக்காத சில வண்டிகளும், அவற்றின் வழியாக இந்த ஊர்ப் பிள்ளைகள் கற்றுவரும் ஒரு கைத்தொழிலும் அழிந்துபோகும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கைவிடப்பட்ட காரின் உரிமையாளர் யார் என்று பக்கத்து வீட்டாருக்கே தெரியாது. அது சாலையோரத்தில் நிற்கும். டயர் தரையோடு அமுங்கி, கண்ணாடி உடைந்து, உள்ளே குப்பை சேர்ந்திருக்கும். பழுதுபார்க்கப்படும் கார் வீட்டு வேலிக்குள் நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் நிற்கும். சக்கரம் இருக்காது, இன்ஜின் இருக்காது, சில மாதங்களுக்குக் கதவுகூட இருக்காது. வேலை பாதியில் இருக்கும்போது, தெருவில் போகிறவர் கண்ணுக்கு இந்தக் கார்தான் கைவிடப்பட்ட காரைவிட மோசமாகத் தெரியும். எனவே வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கும் அதிகாரி, காப்பாற்ற வேண்டிய வண்டியைத்தான் முதலில் இழுத்துச் செல்வார்.

நான் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். 1974ஆம் ஆண்டில் பதிவான டொயோட்டா செலிக்கா ஒன்றை என் தங்கை மகனுடன் சேர்ந்து எங்கள் வீட்டுப் போர்ச்சில் புதுப்பித்து வருகிறேன். செலிக்கா 1970 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கரீனா என்ற குடும்பக் காரின் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட இரண்டு கதவு விளையாட்டு வண்டி. 1588 சிசி கொள்ளளவுள்ள 2டி இன்ஜின், இரும்பு வார்ப்பு உடலும் அலுமினியத் தலையும் கொண்டது. இதே இன்ஜின் வரிசையில் யமஹா வடிவமைத்த இரட்டை கேம் தலையும் இரண்டு சோலெக்ஸ் கார்புரேட்டர்களும் பொருத்திய 2டி-ஜி என்ற இன்ஜினும் உண்டு. ஆர்வலர்கள் அதைத்தான் தேடி அலைவார்கள். எங்கள் வண்டியில் இருப்பது எளிய 2டி. ஹாஃப்கட் கடையிலிருந்து, அதாவது பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையிலிருந்து, வேறோர் இன்ஜினை வாங்கிப் போட்டுவிடலாமே என்று பலரும் சொல்கிறார்கள். இன்ஜினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் ஒப்புதல் பெற்று வாகனப் பதிவில் திருத்த வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். காரோடு பிறந்த இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தக் காரைக் காப்பாற்றினேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய வண்டிகளைக் குப்பை என்று அவற்றைச் செய்தவர்களே கருதுவதில்லை. 1969இல் அறிமுகமான டட்சன் 240 இசட் கார்களை, அவற்றைச் செய்த நிசான் நிறுவனமே அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் தேடி வாங்கி, முழுவதும் புதுப்பித்து, தன் விற்பனை நிலையங்கள் வழியாக விற்றது. மஸ்டா 2017இல் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்குப் புதுப்பிப்புச் சேவையை அறிவித்தது. டொயோட்டா 2020 முதல் பழைய சூப்ராவுக்கும் 2000ஜிடிக்கும், பின்னர் ஏஇ86 கொரோலாவுக்கும், உற்பத்தி நின்றுபோன உதிரிபாகங்களை மீண்டும் செய்து தருகிறது. மேற்சொன்ன 240 இசட்தான் 1971இலும் 1973இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலி என்ற நெடுந்தூரக் கார்ப் பந்தயத்தை வென்றது. 1973இல் அதை ஓட்டி வென்றவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. நம் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாதிருப்பது எனக்கு வருத்தம்தான்.

வேலை ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் துரு. எங்கள் வண்டியின் பின்சக்கர வளைவில், வெளிப்பார்வைக்கு ஒரு கீறல்கூட இல்லாத இடத்தில், காந்தத்தை வைத்தபோது அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. “மாமா, இங்க தகடே இல்ல, எல்லாம் புட்டி” என்றான் மருமகன். சுரண்டிப் பார்த்தோம். முன்பு எவரோ துருவின் மேலேயே பள்ளம் நிரப்பும் பசையான புட்டியை விரல் கனத்துக்குப் பூசி, தேய்த்து, பளபளவென்று சாயம் அடித்திருந்தார். புட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. வெளியே தெரியாமல் மிச்சமிருந்த தகட்டையும் அது அரிக்கவிட்டிருந்தது. நம் ஊர்களில் பழைய கார் என்றாலே முதலில் சாயத்துக்கும் ரிம்முக்கும் பணத்தைக் கொட்டுகிறோம். அடித்தகடு உளுத்துக்கொண்டிருக்க மேலே மினுக்குவதை நான் புதுப்பித்தல் என்று ஏற்கமாட்டேன்.

முறையான வேலை தரைவிரிப்பை எடுப்பதில் தொடங்குகிறது. அதன் அடியில் சத்தத்தைக் குறைப்பதற்காக ஒட்டப்பட்டிருக்கும் தார்ப் படலத்தைச் சுரண்டி எடுத்தால்தான் வண்டியின் உண்மை நிலை தெரியும். முன்கண்ணாடி ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்து, மழைநீர் அதன் வழியாக இறங்கி, ஓட்டுநரின் காலடியில் தேங்கி நிற்பதுதான் பெரும்பாலும் நோயின் மூலம். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு மொத்தென்று அடங்கிவிடும். அந்த ஒலி மாறும் இடம் வரை வெட்டி எடுக்க வேண்டும். அதிலும் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தை வெட்டுவதற்கு முன், கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து உடலைத் தாங்கிப் பிடிக்காவிட்டால், கார் நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் காலத்திலும் கதவு சரியாகச் சாத்தாது. வெட்டிய இடத்துக்குப் பொருத்தமாகப் புதிய தகட்டை வெட்டி, வளைத்து, முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கிறோம்: இந்த முனையில் ஒன்று, எதிர்முனையில் ஒன்று, ஆறவிட்டு மீண்டும் நடுவில் ஒன்று. ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போனால் வெப்பத்தில் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றுக்கே ஒரு முழு மாலைப்பொழுது போய்விடுவதுண்டு.

நம் நாட்டு ஈரக்காற்று இந்த வேலைக்குப் பெரிய எதிரி. தேய்த்துச் சுத்தம் செய்த வெறும் இரும்பை இரவு முழுவதும் திறந்தபடி விட்டால், காலையில் அதன்மேல் செம்பொடி படர்ந்திருக்கும். ஆகையால் அன்றே முடித்துப் பிரைமர் என்ற முதற்பூச்சைப் பூசக்கூடிய அளவுக்குத்தான் ஒரு நாளில் சுரண்ட முடியும். வெட்டி எடுக்க முடியாத மூலைகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தடவி, மூட்டுகளை அடைத்து, எல்லா வேலையும் முடிந்தபின் சட்டங்களின் உட்புறப் பொந்துகளில் மெழுகைப் பீய்ச்ச வேண்டும். மழை பெய்யும் மாலைகளில் வேலையை நிறுத்திவிடுகிறோம். மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காததுபோல் தெருவுக்குத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இன்ஜின் வேலை இதைவிட எளிது என்றே சொல்வேன். நெடுங்காலம் நின்ற இன்ஜினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டர் போட்டுச் சுழற்றக்கூடாது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, முன்புறப் புல்லியின் நட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் மெல்ல அசைக்க வேண்டும். தேய்ந்த சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் கொடுத்து அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதே அளவில் பெரிய பிஸ்டன் போடலாம். பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளியை 0.45 மில்லிமீட்டருக்கு வைப்பதை மருமகன் இப்போது தானே செய்கிறான். பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடாது: பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும் என்பதால், ரப்பர், குழாய், சிலிண்டர் அனைத்தையும் புதிதாகப் போட்ட பிறகுதான் வண்டியைத் தரையில் இறக்க வேண்டும்.

இந்த வேலைகளை அவன் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. தோட்டங்களிலும் ஆலைகளிலும் லாரி, டிராக்டர், பாய்லர் ஆகியவற்றோடு காலம் கழித்த பழைய போமென்களும் (மெக்கானிக்குகளும்) ஃபிட்டர்களும் இந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். புதிய பாகம் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத இடத்தில் வேலை செய்தவர்கள் என்பதால், இருக்கிறதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து (தோட்டக் குடியிருப்பு) மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின், அவர்களுடைய கைத்திறனுக்கு வேலை குறைந்துவிட்டது. கார்புரேட்டரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பட்டறைகளும் அருகிவருகின்றன. மாலையில் எங்கள் போர்ச்சில் கூடும் இளைஞர்கள் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிறார்கள். இதைவிட நல்ல பொழுது அந்த வயதில் அவர்களுக்கு வேறென்ன இருக்க முடியும்?

அதே வேளையில், வீட்டில் கார் பழுதுபார்ப்பவர்கள் அக்கம்பக்கத்தாருக்குக் கடமைப்பட்டவர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தார்ப்பாய் மடிப்பு, கழற்றிவைத்த டயர், பின்பெட்டியில் உபரிச் சக்கரம் வைக்கும் குழி ஆகியவற்றைப் பார்த்து நீரைக் கொட்டியாக வேண்டும். அந்தக் குழியில் நிற்கும் நீர் கொசுவையும் வளர்க்கும், தகட்டையும் தின்னும். கொசு பெருக இடங்கொடுப்பவருக்கு 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி தண்டனை உண்டு. அது பழைய கார் வைத்திருப்பவருக்கும் பொருந்துவதே முறை. வெல்டிங் செய்யும்போது தடுப்புத் திரை கட்டாமல் பிள்ளைகள் நடமாடும் தெருவைப் பார்த்து வேலை செய்யக்கூடாது. இரண்டு கலவைச் சாயத்தில் உள்ள ஐசோசயனேட் என்ற பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பதால், இறுதிச் சாயத்தை வீட்டில் அடிக்காமல் சாயம் அடிப்பதற்கான மூடிய கூண்டு வசதியுள்ள பட்டறையில் கொடுப்பதே நல்லது. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதை எவரும் செய்யக்கூடாது.

கார் பழையது என்பதற்காகவே அதைத் தண்டிக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. 2009இல் தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வு செய்யப்பட்டபோது, 15 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்ற ஏற்பாடு அறிவிக்கப்பட்டு, மக்கள் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. வண்டியின் வயதைப் பார்க்காமல் அதன் நிலையையும் அதை வைத்திருப்பவரின் பொறுப்பையும் பார்க்க வேண்டும் என்பதே அன்றும் இன்றும் என் கருத்து.

ஆகவே ஊராட்சி மன்றத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். சாலையிலும் கால்வாய் ஓரத்திலும் கேட்பாரற்று நிற்பவற்றைத் தயங்காமல் அகற்றுங்கள். அதற்கு நாங்களும் துணை நிற்போம். வீட்டு வேலிக்குள் நிற்கும் வண்டி என்றால், நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன் கதவைத் தட்டி உரிமையாளரிடம் பேசுங்கள். வாகனப் பதிவுச் சான்றின் நகலையும் வேலை நடப்பதைக் காட்டும் படங்களையும் அவர் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி ஓர் அனுமதிக் கடிதம் வழங்கலாம். வளாகம் சுத்தமாக இல்லையென்றால் அதை ரத்து செய்துகொள்ளுங்கள். கழிவு எண்ணெயும் பழைய பேட்டரியும் 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளில் அட்டவணைக் கழிவுகளாகச் சேர்க்கப்பட்டவை என்பதால், அவற்றைக் கால்வாயில் ஊற்றாமலும் குப்பையில் போடாமலும் ஒப்படைக்க நகரத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி, மாதம் ஒரு நாளாவது திறந்து வையுங்கள். எங்களைப் போன்றோர் இப்போது எண்ணெயைக் கலன்களில் சேர்த்துவைத்து, தெரிந்த பட்டறைக்காரரிடம் கெஞ்சிக் கொடுத்து வருகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.