எச்.ஏ.எல்.லிலிருந்து புறப்படுவோம்

திருச்சி
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். இங்கே பெரியவளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. தேதி குறித்ததும் போன் செய்கிறேன். நாலு நாள் முன்னாலேயே நீங்கள் இரண்டு பேரும் வந்துவிட வேண்டும்.

இனி நீ கேட்ட விஷயம். ரிட்டயர் ஆகிவிட்டாய், தினமும் பறக்க நேரம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட நம் பழைய ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் (எஃப்.எஸ்.எக்ஸ்) போதுமா, அதன் புதிய 2024 பதிப்பை வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாளாக இதே யோசனைதான்.

புதியதன் அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தம்பி மகன் வீட்டில் 2020 வெர்ஷனில் திருச்சியிலிருந்து கிளம்பினேன். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. உலகம் முழுவதையும் பிங் மேப்பின் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்து, இன்டர்நெட் வழியாக நமக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நம் பழைய எஃப்.எஸ்.எக்ஸில் தஞ்சாவூர் வயலும் வேறு ஏதோ தேசத்து வயலும் ஒரே படம்தான், திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கும். ஆனால் படத்தைப் பார்த்து கம்ப்யூட்டரே கட்டிடம் எழுப்பும்போது விபரீதமும் நடக்கும். வெளிவந்த புதிதில் மெல்போர்ன் புறநகரில் 212 மாடிக் கோபுரம் ஒன்று தனியாக நின்றது நினைவிருக்கிறதா? இலவச வரைபடம் ஒன்றில் இரண்டு மாடி என்பதை யாரோ 212 என்று தட்டியிருக்கிறார்கள். அது அப்படியே வந்துவிட்டது.

2024 உனக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. 16 ஜி.பி. ராமும், குறைந்தது ஜி.டி.எக்ஸ் 970 வகை கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கிறது. உன் மெஷினில் இருப்பது 8 ஜி.பி., கார்டே கிடையாது. அதைவிடப் பெரிய தடை, இன்டர்நெட் இல்லாமல் அது ஓடாது. விமானங்களைக்கூட தேவைப்படும்போதுதான் சர்வரிலிருந்து இறக்குகிறது. 2024 நவம்பர் 19 அன்று வெளிவந்தபோது சர்வர் தாங்காமல் எத்தனையோ பேர் காசு கொடுத்தும் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். அது இப்போது சரியாகிவிட்டது. ஆனால் உன் ஊரில் மழை தூறினால் லைன் போய்விடும் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பழையதிலும் வருத்தம் உண்டு. 2006-இல் அதை எழுதியவர்கள், பிராசஸரின் வேகம் வருஷாவருஷம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பினார்கள். நடந்தது வேறு, வேகம் ஓரிடத்தில் நின்றது, பிராசஸருக்குள் வேலை செய்யும் கோர்கள் என்ற பகுதிகள்தான் பெருகின. அவற்றை முழுதாகப் பயன்படுத்த எஃப்.எஸ்.எக்ஸுக்குத் தெரியாது. அதனால் இன்றைய மெஷினிலும் பெரிய நகரத்தின் மேல் அது தடுமாறும். 32-பிட் என்பதால் நாலு ஜி.பி. மெமரிக்கு மேல் அதற்குப் பயன்படுத்தத் தெரியாது. தரையிறங்கும் நேரம் பார்த்து ஒரு மணியோசையோடு நின்றுவிடும். எத்தனை இரவு அப்படி எரிச்சலோடு படுத்திருக்கிறேன்!

ஆனாலும் மாப்ளே, தில்லைநகர் கம்ப்யூட்டர் சென்டரை நினைத்துப் பார். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி. அப்போதைய பதிப்பான எஃப்.எஸ். 98-ஐத் திறந்தால் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு என்ற சின்ன விமான நிலையம், ஓடுதளம் 36, செஸ்னா 182 என்ற சின்ன விமானம். வலது பக்கம் மிச்சிகன் ஏரி, எதிரே கட்டிடங்கள். நீ ஸ்டிக்கைப் பிடிப்பாய், நான் கீபோர்டில் ஃப்ளாப்ஸை, அந்த இறக்கை மடல்களை, இறக்குவேன். சிகாகோவை நாம் பார்த்ததில்லை, ஆனால் அந்த ஓடுதளத்தின் முனை நமக்கு நம் தெருமுனை மாதிரி. 2003 மார்ச் கடைசியில் ஒரு நள்ளிரவில் அந்த ஊர் மேயர் டேலி புல்டோசர் அனுப்பி, ஓடுதளத்தில் பெரிய பெருக்கல் குறிகளைத் தோண்டிப் போட்டார். பேப்பரில் படித்துவிட்டு நீ எனக்கு எஸ்.டி.டி. போட்டுச் சொன்னாய். அன்று நம் இருவருக்கும் ஏதோ சொந்த இடம் போனது போலத்தான் இருந்தது.

இதனால்தான் எஃப்.எஸ்.எக்ஸை அழித்துவிடாதே என்கிறேன். அதன் உலகம் 2006-ஓடு நின்றுவிட்டது. தேவனஹள்ளி விமான நிலையம் 2008 மே மாதம்தான் திறந்தது; எனவே எஃப்.எஸ்.எக்ஸில் பெங்களூர் என்றால் இன்னும் எச்.ஏ.எல். என்ற பழைய விமான நிலையம்தான். நீ முதன்முதலாக விமானம் ஏறிய இடம். ஹைதராபாத் போனால் பேகம்பேட். புதியதில் அந்தக் காலத்து உலகம் இல்லை, அது இன்றைய உலகத்தைத்தான் காட்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். எஃப்.எஸ்.எக்ஸில் இரண்டு பேர் ஒரே காக்பிட்டில் உட்காரலாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் ரேடியோவும் ஃப்ளாப்ஸும் பார்க்க, பேசிக்கொண்டே போகலாம். 2020-இல் அந்த வசதியை விட்டுவிட்டார்கள். நம்மிடம் இருக்கும் எஃப்.எஸ்.எக்ஸ் டிவிடி பதிப்பு, இருவரை இணைக்க கேம்ஸ்பை என்ற சேவையின் சர்வரை நம்பியிருந்தது, அது 2014-இல் மூடப்பட்டது. அதே வருஷக் கடைசியில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வந்த பதிப்பு அந்த ஸ்டீமின் சர்வரில் ஓடுகிறது. போன வாரம் தம்பி மகனோடு ஒரு மணி நேரம் பறந்து பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அதை வாங்கு, உன் மெஷினுக்கு அது போதும். ஊர் பார்க்கும் ஆசைக்கு, ஒரு கார்டும் ஃபைபர் லைனும் போட்ட பிறகு 2020-ஐ வாங்கிக்கொள்.

வரும் சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு எச்.ஏ.எல்., ஓடுதளம் 09, செஸ்னா 172. கிழக்கே கோலார், வேலூர், அப்புறம் சென்னை. ஒன்றரை மணி நேரம் ஆகும், பேச நிறைய இருக்கிறது. இடது சீட் உனக்கு. ஃப்ளாப்ஸ் நான் பார்த்துக்கொள்கிறேன். மைக் வைத்த ஹெட்போன் மட்டும் ஒன்று வாங்கி வை.

அன்புடன்,
உன் மாப்ளே