கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஒரு பழைய கோவில்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்யாணத்துக்கென்று திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வேன் பிடித்து வருகிற உறவுக்கூட்டம், வழியில் பழைய தேவாலயங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்குவதுண்டு. நல்ல விஷயம். ஆனால் அநேகர் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரே நாளில் ஐந்து கோவில் என்று திட்டம் போடுவதும், முன்கூட்டிச் சொல்லாமல் போவதும்தான் காரணம். இரண்டே கோவில் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கத்தோலிக்கக் கோவில்கள் பகலில் பெரும்பாலும் திறந்திருக்கும். கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோவில்களை ஆராதனை முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். சாவி, கோவிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையிடம் இருக்கும். முந்தின நாளே சேகர (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டம்) குருவானவருக்கோ, ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியாருக்கோ போன் செய்து, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அங்கே வேறொரு கல்யாணம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் போய் யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம். காலை பத்துக்கு முன்னால் அல்லது நாலு மணிக்கு மேல் நல்லது. ஞாயிறு காலை என்றால் ஆராதனையிலேயே உட்கார்ந்துவிடுங்கள், நடுவில் நுழைந்து சுற்றிப் பார்ப்பது முறையல்ல. செருப்பு வாசலோடு. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வது வழக்கம். பீடத்துக்கு முன்னுள்ள கிராதியைத் தாண்டக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு வேனிலேயே சொல்லிவையுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் உண்டு என்றால் திசையன்விளைக்குத் தெற்கே இடையன்குடிக்குப் போகச் சொல்வேன். கால்டுவெல் 1847இல் தொடங்கிய தூய திரித்துவ ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையானது. முப்பத்துமூன்று வருஷ வேலை. அதற்கு இடையில்தான், 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இந்தக் கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கோபுரம் பார்க்க வேண்டுமானால் மெஞ்ஞானபுரம்: மிஷனரி ஜாண் தாமஸ் கட்டிய தூய பவுல் ஆலயத்தின் ஊசிக் கோபுரம் 192 அடி. 1799இல் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவான முதலூர் வழியாகப் போனால் மஸ்கோத் அல்வாவும் வாங்கிக்கொள்ளலாம். நாகர்கோவில் பக்கம் கல்யாணம் என்றால் காவல்கிணறு அருகே வடக்கன்குளம். பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அங்கே 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார இரண்டு கூடங்கள் வைத்து, நடுவே சுவரும் எழுப்பினார்கள். அந்தச் சுவரை 1910இல் இடித்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவர் பார்க்கும் கோவில் வேறு.

உள்ளே போனதும் எல்லாரும் மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள். கீழேயும் பாருங்கள். கல்லறைப் பலகைகளும் கல்வெட்டுகளும் தரையிலும் சுவரடியிலும்தான் இருக்கும். எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள்; இரண்டும் கல்லில் ஊறி நின்றுவிடும். மொபைல் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து, காணாமல் போன எழுத்தும் எழுந்து வரும். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் அந்த நிழல் செத்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள் இளையவர்களைத் தடுமாற வைக்கும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுவரின் கீழ் மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிர்ந்திருந்தால் கவனியுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக் காயும். அதன்மேல் சிமென்ட் பூசி எனாமல் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும், உப்பு உள்ளேயே படிந்து பூச்சைத் தள்ளும். பிரதிஷ்டைப் பண்டிகைக்குக் கோவிலைப் புதுசாக்க வெளியூரிலிருந்து காணிக்கை அனுப்புகிறவர்கள், சுண்ணாம்புச் சாந்தே வேண்டும், கல்லெழுத்தின்மேல் டைல்ஸ் ஒட்டக் கூடாது என்று சேர்த்து எழுதி அனுப்புங்கள். கொடுக்கிறவர் கேட்டால் கமிட்டி காது கொடுக்கும்.

உயர்ந்த கோபுரங்களில் மலைத்தேனீ கூடு கட்டுவதுண்டு. வேனிலிருந்து இறங்கியதும் சரவெடி கொளுத்துவது ஆபத்து. புகையும் சத்தமும் பட்டால் கூட்டமாக இறங்கும். தேனீக்கள் துரத்தினால் கையை வீசாமல் ஓடிப்போய்க் கதவடைத்த இடத்துக்குள் நுழைவதுதான் வழி.

பாட்டன் பூட்டனின் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று. பதிவேடு கோவிலில் இருக்காது, சேகர அலுவலகத்தில் இருக்கும். அந்தக் காலத்தில் ஊர் வேறொரு தாய்ச் சேகரத்தில் சேர்ந்திருந்தால் அங்கேதான் தேட வேண்டும். தோராயமான வருஷம், தகப்பன் பெயர், ஊர்ப்பெயர் மூன்றையும் இரண்டு வாரம் முன்பே கடிதமாக அனுப்புங்கள். ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கக்கூடும். வீட்டில் கூப்பிட்ட பழைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பழைய தாளைப் புரட்டப் பகல் வெளிச்சமும் பொறுமையும் வேண்டும், தாலி கட்டும் நேரம் நெருங்குகையில் இது நடக்காது. கல்யாணத்துக்கு மறுநாளை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை