கமான் பட்டை வேறு, சாக் அப்சார்பர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் அதில் இரண்டு வரி எனக்கு ஒத்துவரவில்லை. அந்தக் காலத்துக் கார்களில் சாக் அப்சார்பர் கிடையாது, அந்த வேலையைக் கமான் பட்டையே, அதாவது வளைத்து அடுக்கிய இரும்புப் பட்டை ஸ்பிரிங்கே, பார்த்துக்கொண்டது, ஹைட்ராலிக், அதாவது எண்ணெயில் வேலை செய்கிற, சாக் அப்சார்பர் நவீன கார்களோடுதான் வந்தது என்கிறார் கட்டுரையாளர். முதல் பாதி அரைகுறை. கடைசிப் பகுதி சுத்தமாகத் தவறு. பழைய சங்கதிதானே, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இதே குழப்பம் இன்றைக்கும் மதுரையில் பட்டறைக்குப் பட்டறை இருக்கிறது, ஷேர் ஆட்டோவிலிருந்து மினி பஸ் வரைக்கும் அதனால் கெட்டுப்போகிற வண்டிகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பழங்காநத்தம் பக்கம் வெகுகாலம் மெக்கானிக் வேலை பார்த்தவன் நான். படித்த இன்ஜினியர் இல்லை, ஆனால் இந்தச் சாமானைக் கழற்றிப் போட்டுக் கழுவி மாட்டிய கை.

கமான் பட்டை என்ன செய்கிறது? சக்கரம் பள்ளத்தில் விழுந்து ஏறும்போது வருகிற அடியை வாங்கி, தனக்குள் வளைந்து வைத்துக்கொள்கிறது. வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளுமா என்றால், வைத்துக்கொள்ளாது. திருப்பிக் கொடுத்துவிடும். வண்டி மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும். இந்த ஆட்டத்தை யாராவது பிடித்து நிறுத்த வேண்டும், அந்த வேலைக்குத்தான் சாக் அப்சார்பர். அடியை வாங்குவது ஒருவன், ஆட்டத்தை அடக்குவது இன்னொருவன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எல்லாமே தப்பாகப் போகும்.

சரி, அப்படியானால் மேலூர், உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஓடிய வில் வண்டியில் எந்த சாக் அப்சார்பர் இருந்தது என்று கேட்பீர்கள். இல்லைதான். அது மாட்டு நடைக்குப் போகிற வண்டி. தவிர, அடுக்கிவைத்த பட்டைகள் வளையும்போது ஒன்றோடொன்று உரசும், அந்த உராய்வே கொஞ்சம் ஆட்டத்தைக் குறைத்துவிடும். ஆரம்பகால மோட்டார் கார்களும் குதிரை வண்டியிலிருந்து இந்தப் பட்டைகளைத்தான் அப்படியே எடுத்துக்கொண்டன. ஆனால் உராய்வை நம்பி எத்தனை தூரம் போக முடியும்? மழையில் நனைந்தால் ஒரு மாதிரி, துருப்பிடித்தால் இன்னொரு மாதிரி. கிறீச் கிறீச் என்று சத்தம் வருகிறதே என்று பட்டைக்கு நடுவில் கிரீஸ் வைத்தால் சத்தம் போகும், ஆட்டம் கூடும். இது எங்கள் தொழிலில் எல்லாரும் கண்டது.

வேகம் கூடினால் கதையே மாறிவிடுகிறது. ஊஞ்சலை அது வந்து போகிற நேரம் பார்த்துத் தள்ளினால் மெல்லத் தள்ளினாலும் மேலே மேலே போகும் இல்லையா, வண்டிக்கும் அதேதான். ஒரு கார் உடம்பு நொடிக்கு ஒன்றரைத் தடவை ஆடக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் 5 மீட்டருக்கு ஒரு மேடு இருந்தால், நொடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு மேடும் சரியாக அந்த ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். மாடு அந்த வேகத்துக்குப் போகப்போவதில்லை. 1900-ஐ ஒட்டிய கார்கள் போயின. கப்பி ரோட்டில் அந்த வேகத்தில் போனவர்கள் இருக்கையைப் பிடித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

முதலில் வந்தது எண்ணெய் இல்லாத சாமான். பிரான்சில் ஜூல் ட்ரூஃபோ என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைக்கிளுக்காகச் செய்தது. இரண்டு இரும்புக் கைகள், அவை சேரும் இடத்தில் ஒரு போல்ட், நடுவில் வட்டத் தகடுகள். காரில் பூட்டும்போது ஒரு கை சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், மற்றது ஆக்சிலில். சக்கரம் ஏறி இறங்கும்போது கைகள் விரிந்து சுருங்கும், தகடுகள் உரசி ஆட்டத்தைத் தின்னும். நட்டை இறுக்கினால் பிடிப்பு கூடும், தளர்த்தினால் குறையும், அவ்வளவுதான் அட்ஜஸ்ட்மென்ட். 1904-இல் ஜெர்மனியில் நடந்த கார்டன் பென்னட் கார் பந்தயத்தில் லியோன் தேரி ஜெயித்த ரிஷார் பிராசியே காரில் இது இருந்தது, அதற்குப் பிறகு யாரும் இதை விளையாட்டுச் சாமான் என்று சொல்லவில்லை. எட்வர்ட் ஹார்ட்ஃபோர்டு என்ற அமெரிக்கர் இதை எடுத்துக்கொண்டு போய் அங்கே தொழிலாகவே நடத்தினார். ஆகவே கட்டுரையில் சொன்னபடி ஒன்றுமே இல்லாமல் எல்லாரும் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை.

இதில் ஒரு கோளாறு உண்டு. உரசும் தகடு நின்ற இடத்திலிருந்து நகரத்தான் அதிக பலம் கேட்கும், நகர ஆரம்பித்த பிறகு பிடிப்பு குறைந்துவிடும். சின்னக் கல்லில் ஏறினால் கை அசையவே அசையாது, அடி நேராக முதுகுத்தண்டுக்கு வரும். பெரிய பள்ளத்தில் விழுந்தால், அதிகம் பிடிக்க வேண்டிய அந்த நேரத்தில், பிடிப்பு கூடுவதில்லை. வேண்டியதற்கு நேர் தலைகீழ்.

இதற்கிடையில் கடைகளில் சாக் அப்சார்பர் என்ற பெயரில் வந்த பலதும் வெறும் ஸ்பிரிங். ஃபோர்டு மாடல் டி காருக்கு, 1908 முதல் 1927 வரை வந்ததே அதற்கு, கம்பெனி எந்த சாக் அப்சார்பரும் போட்டுத் தரவில்லை. வாங்கியவர்கள் வெளியில் வாங்கிப் பூட்டினார்கள். அப்படி நன்றாக ஓடிய சரக்கு ஹாஸ்லர் என்ற பெயரில் வந்தது. பெயர் என்னவோ சாக் அப்சார்பர், உள்ளே இருந்தது சுருள் ஸ்பிரிங். ஆட்டம் போடுகிற ஸ்பிரிங்குக்குத் துணைக்கு இன்னொரு ஸ்பிரிங்! குலுங்கல் கொஞ்சம் மெத்தென்று இருந்திருக்கும், அதில் சந்தேகமில்லை, ஆனால் ஆட்டத்தை அடக்க அதற்குள் எதுவும் இல்லை.

காற்று வைத்தவைகளுக்கும் இதேதான். 1909-இல் இங்கிலாந்தில் கோவி என்ற கம்பெனி காற்று சஸ்பென்ஷன், அதாவது காற்றை வைத்து வண்டியைத் தாங்குகிற அமைப்பு, கொண்டுவந்தது, ஒழுக்கு தாங்கவில்லை. அமெரிக்காவில் ரயில் பிரேக்கில் பேர் வாங்கிய வெஸ்டிங்ஹவுஸ் 1910-களில் ஏர் ஸ்பிரிங் விற்றது. ஒன்றுக்குள் ஒன்று போகிற குழாய்கள், உள்ளே அழுத்திய காற்று, காற்று தப்பாமலிருக்கக் கொஞ்சம் எண்ணெய். கனமான வண்டிகளுக்கு நல்ல சாமான்தான். ஆனால் மூடிய குழாயில் காற்றை அமுக்கினால் அது திருப்பித் தள்ளும், ஆக அதுவும் ஸ்பிரிங்தான். சின்ன ஓட்டை வழியாக அழுத்தி வெளியே விட்டால்தான் காற்று ஆட்டத்தைத் தின்னும். அந்த வேலைக்கு எண்ணெய் பல மடங்கு மேல், ஏனென்றால் எண்ணெய் அமுங்காது.

நடுவில் இன்னொரு சுவாரசியம். கிளீவ்லண்டில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் கேப்ரியல் என்ற பெயரில் ஒரு பெல்ட் கொண்டுவந்தார். சுருட்டிய பட்டையான வார், ஒரு முனை ஆக்சிலில். வண்டி கீழே அமுங்கும்போது வார் தானாகச் சுருண்டுகொள்ளும், மேலே எகிறும்போது இழுத்துப் பிடிக்கும். எகிறுவதை மட்டும் பிடித்தால் போதும் என்ற யோசனை உண்மையிலேயே புத்திசாலித்தனம். அதே ஆள் அதற்கு முன்னால் பேர் வாங்கியது எதில் தெரியுமா, சைலன்சர் புகையில் ஊதுகிற மியூசிக் ஹாரனில்! நம் ஊர்த் தனியார் பஸ்காரர்களுக்கு அவர் குலதெய்வம் ஆகியிருக்க வேண்டியவர்.

இப்போது ஹைட்ராலிக். 1912-இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியிலேயே டெலெஸ்கோ என்ற சாமானை வைத்திருந்தார்கள், குழாய்க்குள் ஸ்பிரிங்கோடு எண்ணெயும் வால்வும் சேர்ந்தது. இங்கே டி.வி.எஸ். நிறுவனம் தொடங்கியது 1911, காலத்தை அதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்பே, 1900-களின் முதல் பத்தாண்டிலேயே, பிரான்சில் மோரிஸ் ஹூடாய் தன் எண்ணெய் சாக் அப்சார்பருக்கு வழி கண்டுவிட்டார். வட்டமான இரும்புப் பெட்டி, உள்ளே எண்ணெய், நடுவில் இறக்கை வைத்த தண்டு, தண்டில் வெளியே ஒரு கை. கை அசைந்தால் இறக்கை எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சின்னத் துவாரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். மெல்லத் தள்ளினால் மெல்ல வழி விடும். வேகமாகத் தள்ளினால் எதிர்ப்பு வேகத்தைவிட அதிகமாக ஏறும், வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்கு. சின்னக் கல்லுக்கு மென்மை, பெரிய பள்ளத்துக்கு முரட்டுப்பிடி. உரசும் தகட்டால் முடியாதது இதுதான். வால்வு வைத்தால் அமுங்கும்போது லேசாகவும் எகிறும்போது இறுக்கமாகவும் செய்துகொள்ளலாம். தின்ற ஆட்டமெல்லாம் சூடாகப் போகிறது, மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து சாக் அப்சார்பரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும்.

1922-இல் இத்தாலியின் லான்சியா லாம்டா முன்சக்கரத் தூணுக்குள்ளேயே ஹைட்ராலிக்கை வைத்துவிட்டது. 1927 கடைசியில் ஃபோர்டு மாடல் ஏ வந்தபோது நான்கு சக்கரத்துக்கும் ஹூடாய், உள்ளே கிளிசரின். பணக்காரர் கார் இல்லை அது, லட்சக்கணக்கில் விற்ற சாதாரணக் கார். உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் இருப்பதே மாடல் ஏதான், முன் ஆக்சில் பக்கம் உற்றுப் பார்த்தால் வட்டப்பெட்டியும் கையும் தெரியும். படம் போட்டவர்கள் எழுதியவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மதுரையில் எங்கள் கைக்கு வந்தவற்றில் மோரிஸ் மைனர் கார் இந்தக் கை வைத்த பெட்டி வம்சம். அதில் முன்பக்கம் சாக் அப்சார்பரின் கையே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்யும், ஆகவே பெட்டிக்குள் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்தால் சக்கரத்தின் நிமிர்வே மாறிவிடும். குழாய் வடிவம் பரவிய பிறகு மலிவும் ஆயிற்று, மாற்றவும் சுலபம். அப்புறம் 1950-களில் பிரான்சில் தெ கார்போன் எண்ணெய்க்குப் பின்னால் அழுத்திய வாயுவை வைத்து, எண்ணெய் நுரைப்பதை நிறுத்தினார். 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். காரில் உருண்டைக்குள் நைட்ரஜன், கீழே எண்ணெய். நைட்ரஜன் ஸ்பிரிங் வேலை, எண்ணெய் வால்வு வழியாக அடக்கும் வேலை. காற்றுக்கும் எண்ணெய்க்கும் அவரவர் வேலையைப் பிரித்துக் கொடுத்தபோது இரண்டும் ஒரே வண்டியில் ஒழுங்காக நின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். சாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால், "சும்மா இருக்கட்டும், கழற்றிப் போட்டுடுறேன், ஒரு பட்டை கூடப் போட்டுக்கலாம்" என்கிற மெக்கானிக்குகள் எத்தனையோ பேர். கூடுதல் பட்டை போட்டால் வண்டி இறுகும், லோடு தாங்கும், ஓனருக்குச் சந்தோஷம். ஆட்டம் மட்டும் நிற்காது, முன்னைவிட வேகமாக ஆடும், அவ்வளவுதான். சக்கரம் ரோட்டைத் தொடாமல் துள்ளும், துள்ளுகிற சக்கரத்தில் பிரேக் என்ன பிடிக்கும்? டயர் ஒரே சீராகத் தேயாமல் இடம் விட்டு இடம் திட்டுத்திட்டாகத் தேய்ந்து வரும். எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு வீல் அலைன்மென்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள்! திருமங்கலம் வழியாக ஒரு மினி பஸ்ஸில் கடைசி சீட்டில் போனவர்கள் வேகத்தடைக்கு வேகத்தடை தலை கூரையில் இடிக்க வந்ததைச் சொன்னார்கள். பின்பக்க சாக் அப்சார்பர் இரண்டும் பெயருக்குத் தொங்கிக்கொண்டிருந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன்.

பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒரு தடவை மேலே வந்து அடங்கினால் சரி, இரண்டு மூன்று தடவை ஆடினால் போயிற்று. கனமான வண்டிக்கு இது ஒத்துவராது, அதற்குக் குழாயில் ஈரமாக எண்ணெய் வழிகிறதா, புஷ் கிழிந்திருக்கிறதா, ஓட்டிவிட்டு வந்ததும் நான்கில் ஒன்று மட்டும் சில்லென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில்லென்று இருப்பது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மாற்றினால் அதே ஆக்சிலில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது.

எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டி போகும்போது லைட், ஹாரன், பெயின்ட் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அங்கே நிற்கிற அதிகாரிகள் குனிந்து சாக் அப்சார்பரையும் ஒரு தடவை பார்க்க வேண்டும், கழற்றி வீசியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் கோரிக்கை. உங்கள் பத்திரிகையில் போக்குவரத்துச் செய்தி எழுதுகிற நிருபர் ஒரு நாள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்று நாலு பஸ்ஸுக்கு அடியில் எட்டிப் பார்த்து எழுதினாலும் நல்லது. அழுக்குச் சட்டையோடு வரச் சொல்லுங்கள், எண்ணெய் கறை போகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக்,
பழங்காநத்தம், மதுரை.